நீர்த்த பால்

காரியாபட்டியில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு சுந்தரபாண்டி போன் பண்ணினபோது, ரெட்டியபட்டி வீட்டில் அமுதவள்ளி பிள்ளையை மடியில் போட்டுப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "கெடச்சிருச்சா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"டாக்டர் எழுதுன டின்னு இங்கயும் இல்ல. வேற கம்பெனி ஒண்ணு இருக்கு. பச்சப்பிள்ளைக்கு உள்ளதுதான், ஒண்ணும் செய்யாதுங்காரு கடைக்காரரு. வாங்கிட்டு வரட்டா?"

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வேகமாக உறிஞ்சியது. தொண்டைக்குள் பால் இறங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு வேறெந்தச் சத்தமும் பெரிதாகக் காதில் விழுவதில்லை.

"வேண்டாங்க. பவுடர மாத்திக் குடுத்து வயித்தால போச்சுன்னா யாரு பதில் சொல்றது? டாக்டரம்மா இந்தப் பேரத்தான எழுதிக் குடுத்திருக்காக. டவுன்ல வேற கடை பாருங்க."

"டவுனு பூராம் பாத்துட்டுத்தான இங்க வந்தேன்."

"திங்கக்கெழமை லோடு வரும்னு சொன்னாகள்ல. அதுவரைக்கும் இருக்கிறத வச்சு நான் பாத்துக்கிறேன். நீங்க வாங்க."

பிள்ளை விஷயத்தில் அவள் சொன்னதுதான் என்று சுந்தரபாண்டி விட்டுக் கொடுத்திருந்தார். கடைக்காரரிடம் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெயிலில் கொதித்துக் கிடந்த டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பினார்.

கொரோனா இரண்டாம் தடவை வந்து ஊரடங்கு போட்டிருந்த வைகாசி மாதம் அது. மருந்துக்கடையும் பால் கடையும் தவிர எல்லாம் அடைப்பு. மெயின் ரோடு பிரியும் விலக்கில் போலீஸ் நின்று வண்டிகளை நிறுத்தி, எதற்கு, எங்கே என்று கேட்டுத்தான் விட்டார்கள். சரக்கு வண்டிகள் சரியாக வரவில்லை. வந்த கொஞ்சத்தையும் பயந்துபோன சனங்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று வாங்கிப் போய்விட்டார்கள். பிள்ளைப் பால்பவுடர் வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளில் இருமல் மருந்தும் முகக்கவசமும் அடுக்கியிருந்தன.

பிள்ளை அமுதவள்ளியுடையது இல்லை. அவள் தம்பி தங்கபாண்டியின் பிள்ளை. அவனுடைய பெண்சாதி சுபத்ராவுக்குப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் கண்டு, மூச்சு வாங்கி, விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். சுபத்ராவுக்குத் தாய் இல்லை. தங்கபாண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே வேப்பமரத்தடியில் கிடந்தான். பிள்ளையை எடுத்து வந்து அக்காள் கையில் கொடுத்தான். ஒரு பால்பவுடர் டின்னையும் டாக்டர் சீட்டையும் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அமுதவள்ளிக்குக் குழந்தை இல்லை. மதுரையில் பார்க்காத டாக்டர் இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. கல்யாண வீடுகளிலும் வளைகாப்பு வீடுகளிலும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தாள். பிள்ளை வந்த அன்று தெருப் பெண்கள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு எட்ட நின்று பார்த்தார்கள். "பிள்ளை வளத்துப் பழக்கமில்லையே, எப்படிப் பாக்கப்போற அமுதா?" என்று ஒருத்தி கேட்டாள். கரிசனமாகத்தான் கேட்டாள். அமுதவள்ளி சிரித்துக்கொண்டே, "எல்லாம் பாத்துக்குவேன்," என்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் அந்தக் கேள்வி அவளோடேயே இருந்தது.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். புட்டியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பாள். தண்ணீரை ஆறவைத்து, டின்னில் போட்டிருந்தபடி அளவுக் கரண்டியால் பவுடரை அள்ளி, கத்தியின் முதுகால் மேலே குவிந்ததை வழித்துச் சமப்படுத்திப் போடுவாள். பக்கத்து வீட்டிலிருந்து பசும்பால் கொண்டு வந்து கொடுத்தபோது, டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். பாலைக் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகை நீவிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பாள். கரிசல் காட்டு வெக்கை ஓட்டு வீட்டுக்குள் இறங்கும் மத்தியானங்களில், ஈரத்துணியை உத்தரத்தில் தொங்கவிட்டு அதன் கீழே பிள்ளையைக் கிடத்தி, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். விருதுநகரிலிருந்து போன் வரும்போதெல்லாம் சுபத்ரா பிழைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். உண்மையாகத்தான் வேண்டிக்கொண்டாள். ஆனால் போனை வைத்த பிறகு, இன்னும் கொஞ்ச நாள் பிள்ளை இங்கேயே இருக்கும் என்ற நினைப்பு, கூப்பிடாமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை அவள் விரட்டவும் இல்லை, பேர் சொல்லிப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை லோடு வரவில்லை. வண்டி மதுரையிலேயே நிற்கிறது என்றார்கள். டின்னுக்குள் கரண்டி தகரத்தில் உரசத் தொடங்கியது.

அன்று காலையில் பஞ்சாயத்து ஆட்டோ தெருத்தெருவாகப் போனது. ஒலிபெருக்கியில் கிராம நர்ஸ் ஜெகதீஸ்வரியின் குரல். "சாதாரண தொந்தரவுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வராதீக. அங்க உயிருக்குப் போராடுறவுகளப் பாக்கவே ஆளு பத்தல. ரொம்ப அவசரம்னா மட்டும் வாங்க. தயவுசெஞ்சு ஒத்துழைப்புக் குடுங்க." கேட்கிறவர்களைக் கெஞ்சுகிற குரல். முந்தின வாரம் அமுதவள்ளி துணை சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போகையில் அவளைப் பார்த்திருந்தாள். பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்த்து நனைந்து, சுவரில் சாய்ந்து, நின்றபடியே கண்ணயர்ந்திருந்தாள். அவளுடைய நம்பர் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் இருந்தது. அமுதவள்ளி அந்த நம்பரைப் பாதிவரை அழுத்திவிட்டு நிறுத்தினாள். ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது பால்பவுடர் கிடைக்குமா என்று அவளைக் கூப்பிடுவதா. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. கூப்பிட்டால், அமுதவள்ளிக்கு முடியவில்லை என்று ஆகிவிடும்.

போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பால் கரைத்தாள். எப்போதும் போடும் தண்ணீருக்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள். வெயில் காலம், பிள்ளைக்குத் தண்ணீரும் வேண்டியதுதானே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பால் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. பிள்ளை குடித்தது. குடித்துவிட்டு அழுதது. தோளில் போட்டு நடந்தாள். அழுகை நிற்க நேரமானது.

ஒரு தடவை மட்டும் என்று நினைத்துச் செய்தது எல்லாப் புட்டிக்கும் ஆனது. மறுநாள் இன்னும் ஒரு கரண்டி குறைந்தது. அந்த இரண்டு நாளும் பிள்ளை வீறிட்டு அழுதது. சுந்தரபாண்டி வாசலில் நின்று, "காரியாபட்டிக்கு ஒரு எட்டுப் போயி அந்த டின்னையாச்சும் வாங்கியாரவா?" என்று கேட்டார்.

"நாளைக்கு லோடு வந்துரும்ங்க. போலீஸ்காரங்ககிட்ட அடி வாங்கவா போறீக?" என்றாள்.

அதற்கப்புறம் பிள்ளை அழவில்லை. புட்டியைக் காட்டினால் மெதுவாகச் சப்பும். பாதியிலேயே தூங்கிவிடும். தூங்கித் தூங்கி முகம்கூடச் சற்று உப்பலாகத் தெரிந்தது. சதை போட்டிருக்கிறது என்று அமுதவள்ளி நினைத்தாள். தங்கபாண்டி போனில் கேட்டபோது, "ஒரு தொந்தரவும் இல்லப்பா. தங்கமான பிள்ளை. பாலக் குடிச்சதும் தூங்கிருது," என்றாள். சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. சுபத்ராவுக்கு ஆக்சிஜன் அளவைக் குறைத்துவிட்டார்கள், இனி பயமில்லை என்று அவன் சொன்னான். நல்ல சேதி வந்த சந்தோஷத்தில் பிள்ளையைக் குனிந்து முத்தமிட்டாள். கன்னம் குளுகுளுவென்று இருந்தது. அந்த வெக்கையில் அது அவளுக்கு இதமாகத்தான் பட்டது.

ஜெகதீஸ்வரி வந்தது அவள் கூப்பிட்டு இல்லை. வீடு வீடாகக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று அமுதவள்ளியின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா எப்படியிருக்கா?" என்றாள்.

"தூங்குறா நர்சம்மா."

"எப்பப் பால் குடிச்சா?"

"விடிய நாலு வாய் குடிச்சா. எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குறா. நல்ல தூக்கம்."

ஜெகதீஸ்வரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகச் சுண்டினாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. சத்தம் வரவில்லை. வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் மிஞ்சியிருந்த பாலுக்கு அந்தப்பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது.

"எத்தன கரண்டி போடுறீகக்கா?"

அமுதவள்ளி சொன்னாள். ஜெகதீஸ்வரி பிள்ளையைத் துணியோடு அள்ளி மார்பில் சேர்த்துக்கொண்டு வெளியே நடந்தாள். நூற்றியெட்டு வர நேரமாகும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரரின் லோடு வண்டியில் முன்சீட்டில் இரண்டு பெண்களும் நெருக்கி உட்கார்ந்தார்கள். அருப்புக்கோட்டை ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் பிள்ளையின் இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. வாய் ஓரத்தில் நுரை கட்டியது. ஜெகதீஸ்வரி பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "வேகமாப் போங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். வழியில் மறித்த போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்ததும் தானே ஓடிப்போய் இரும்புத் தடுப்பை இழுத்து ஒதுக்கினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். ரத்தத்தில் உப்பு இறங்கிப் போயிருக்கிறது, தண்ணீர் மிஞ்சிவிட்டது, உப்பை ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும் என்று ஓர் இளம் டாக்டர் சொன்னார். அவர் திட்டவில்லை. யாரும் திட்டவில்லை. வராந்தாவில் ஜெகதீஸ்வரி போனை எடுத்து நர்சுகள் குழுவில் ஒரு சேதி போட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் திருச்சுழியிலிருந்து யாரோ ஒரு நர்சின் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பால்பவுடர் டின் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பின்னாலேயே டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்திருந்த சுந்தரபாண்டி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். காரியாபட்டியில் அவர் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த அதே கம்பெனி டின். உள்ளே காட்டியபோது டாக்டர், "தாராளமாக் குடுக்கலாம். எல்லாம் ஒண்ணுதான்," என்றார். சுந்தரபாண்டி அமுதவள்ளியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

சாயங்காலம் பிள்ளை அழுதது. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து அந்த அழுகையைக் கேட்டதும் அமுதவள்ளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெகதீஸ்வரியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகக்கவசத்தை இறக்கிவிட்டாள். மூக்கின் மேல் கவசம் அழுத்திய தழும்பு கன்றிப் போயிருந்தது.

"நான் மைக்குல சொன்னதக் கேட்டுத்தானக்கா நீங்க என்னயக் கூப்பிடல?"

அமுதவள்ளி அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது பாதிதான் நர்சம்மா, மீதி என் வீம்பு என்று சொல்லியிருக்கலாம். ஜெகதீஸ்வரி கேட்டுக்கொண்டும் இருந்திருப்பாள். ஆனால் யாராவது ஒருவர் கொஞ்ச நேரம் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் போல இருந்தது.

"ஆமா," என்றாள்.

ஜெகதீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான வராதீகன்னேன். போன் பண்ணாதீகன்னு சொல்லலையே. ஆனா கேக்குறவுகளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்," என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னாள். அதற்கடுத்த நாளிலிருந்து ஆட்டோவில் வந்த அறிவிப்பின் கடைசியில், பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டார் எந்த நேரமும் எதற்கும் கூப்பிடலாம் என்று நம்பரையும் இரண்டு தடவை சொல்லி முடிக்கும் குரல் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ தெருவைத் தாண்டும்வரை அமுதவள்ளி அடுக்களையில் அசையாமல் நிற்பாள். ஊரடங்கு முடிந்த வருஷமே ஜெகதீஸ்வரிக்கு வேறு பக்கம் மாற்றலாகிவிட்டது. சொல்லிக்கொள்ள வந்தபோதும் அமுதவள்ளி அந்த மீதி உண்மையை அவளிடம் சொல்லவில்லை.

பிள்ளை தேறியது. சுபத்ராவும் தேறி, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தாள். அவள் வருவதற்கு முதல்நாள், நடந்ததெல்லாம் தெரிந்திருந்த தங்கபாண்டி அக்காளிடம் வந்து, "அவகிட்ட, பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னு சொல்லிருக்கேன்க்கா. நீயும் அப்படியே சொல்லிரு. செத்துப் பொழச்சு வாரா. இதையும் போட்டு அவ தலையில ஏத்த வேண்டாம்," என்றான். அவன் அக்காளுக்காகச் சொன்னானா, பெண்சாதிக்காகச் சொன்னானா என்று தெரியவில்லை. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னான்.

சுபத்ரா வந்ததும் முதலில் பிள்ளையை வாங்கவில்லை. பிள்ளையை வைத்திருந்த அமுதவள்ளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி எம்பிள்ளை என்னாகியிருக்கும் மதினி," என்றாள். அந்த வார்த்தையை அப்புறம் எல்லாரிடமும் சொன்னாள். கிருஷ்ணப்ரியா என்று பேர் வைத்தபோதும் அந்தப் பேரைப் பிள்ளையின் காதில் அமுதவள்ளிதான் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். மொட்டை எடுத்துக் காது குத்தினபோதும் மடியில் வைத்துக்கொள்ள அவளைத்தான் உட்காரச் சொன்னாள். பக்கத்துத் தெருதான் தம்பி வீடு. பருத்தி எடுக்கப் போகும் நாட்களில் சுபத்ரா பிள்ளையைக் கொண்டு வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். அவ்வளவு நம்பிக்கை. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதுபோல ஊர் அமுதவள்ளியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது.

பிள்ளை ஓடியது, ஏறியது, குதித்தது. மூன்று வயதாகியும் பேச்சுத்தான் வரவில்லை. ஒத்த வயதுப் பிள்ளைகள் அங்கன்வாடியில் பாட்டுப் பாடும்போது கிருஷ்ணப்ரியா வேண்டியதைக் கையைக் காட்டிக் கேட்டாள். அம்மா, தா, போ என்று நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் சேரவில்லை. சில பிள்ளைகளுக்கு லேட்டாகும் என்று டீச்சர் சொன்னாள். தங்கபாண்டியும் நாலு வயதில்தான் பேசினான் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அமுதவள்ளிக்கும் அது நினைவிருந்தது. இருந்தாலும் பிள்ளை எதையோ சொல்ல வந்து, உதட்டைக் குவித்து, சொல் வராமல் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் லோடு வண்டியின் முன்சீட்டில் வெட்டி இழுத்த அந்தக் கை அவள் கண்ணுக்குள் வரும்.

அருப்புக்கோட்டையில் பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சுபத்ரா போவதென்று முடிவு செய்தாள். தங்கபாண்டிக்கு மில்லில் ஷிப்ட். சுபத்ரா அமுதவள்ளியிடம் வந்தாள். "நீங்க வாங்க மதினி. சின்னதுல இவளுக்கு என்னென்ன வந்துச்சுன்னு கேப்பாகளாம். உங்களுக்குத்தான தெரியும்."

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரம் சுபத்ராவும் நடுவில் பிள்ளையும் இந்தப்பக்கம் அமுதவள்ளியும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை கொஞ்சதூரம் வேடிக்கை பார்த்துவிட்டு அம்மா மடியில் தலையை வைத்துச் சாய்ந்து, காலை அத்தை மடியில் நீட்டித் தூங்கிவிட்டாள். வெளியே உழுது போட்ட கரிசலும் அதற்கப்பால் சீமைக்கருவேலமும் ஓடிக்கொண்டிருந்தன. சுபத்ரா, டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நிறைமாதப் பிரசவம். பிறந்ததும் அழுதாள். இடையில் வயிற்றால் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒன்றுதான்.

"அதச் சொல்லாத," என்றாள் அமுதவள்ளி.

"எத மதினி?"

"வயித்தால போகல. அப்படிச் சொன்னா டாக்டர் வேற மாதிரி நெனச்சிருவாரு. உள்ளதச் சொல்லணும்."

சொன்னாள். பஸ் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த முடியாமல், சில வார்த்தைகளை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. காரியாபட்டியில் டின் இருந்ததைச் சொன்னாள். கரண்டியைக் குறைத்ததைச் சொன்னாள். நர்சம்மாளைக் கூப்பிடப் போய் நம்பரைப் பாதியில் நிறுத்தியதையும், ஏன் நிறுத்தினாள் என்பதையும், இரண்டு காரணத்தையும் சொன்னாள். சுபத்ரா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை பிள்ளையின் தலைமுடியில் கோதிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது.

வெகுதூரம் போன பிறகு கேட்டாள். "அழுதாளா?"

"மொத ரெண்டு நா அழுதா."

"பெறகு?"

"பெறகு அழுகல."

சுபத்ரா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்டது வேறாக இருந்தது. "உங்க தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சுபத்ரா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அமுதவள்ளி மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் சுபத்ரா ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அவளிடம் இப்போது போய் அதையும் கேட்டு வாங்குவதா என்று இருந்தது. பிள்ளையின் கால்கள் வெயிலில் சூடாகி அவள் மடியில் கனத்தன. பஸ் குலுங்கும்போது விழுந்துவிடாமல் கணுக்காலை லேசாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறாள் என்று சுபத்ராவுக்குத் தெரியவேண்டாம் என்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி வளைந்து நுழைந்தது. நிற்பதற்குள்ளேயே ஆட்கள் எழுந்து வழியை அடைத்தார்கள். சுபத்ரா எழுந்து, பிள்ளையின் தலையை மெதுவாக ஜன்னல் பக்கத்துச் சீட்டில் இறக்கி வைத்தாள். சாப்பாட்டுப் பையை ஒரு கையிலும் துணிப்பையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, அமுதவள்ளியின் முழங்காலைத் தாண்டி வழிக்கு வந்து நின்றாள். இரண்டு கையும் நிறைந்திருந்தன. பிள்ளையைத் தூக்குங்கள் என்று அவள் சொல்லவில்லை. பைகளைக் கீழே வைக்கவும் இல்லை. "இறங்குங்கம்மா, இறங்குங்க," என்று கண்டக்டர் படியில் தட்டினார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். சுபத்ரா வாசல் பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அமுதவள்ளி ஒரு கையைப் பிள்ளையின் முதுகுக்கு அடியில் கொடுத்து, தூக்கவும் முடியாமல் கையை எடுக்கவும் முடியாமல், சுபத்ராவின் கழுத்துக்குப் பின்னால் வியர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.